மூன்று மணிப் பேரேடு

ராத்திரி பதினொன்றுக்கு ஒரு தரம்,
மூன்றுக்கு இன்னொரு தரம்.
மணி அடிப்பவன் நானில்லை. பெயர் வாசிப்பவன்.
மாதம் பதினான்கு ரூபாய், லாந்தர் எண்ணெய் தனி.

சத்தியவேட்டுச் சாலையை விட்டு இறங்கினால்
கள்ளி வேலி. உள்ளே எண்பத்தொரு குடிசை.
எல்லாக் கதவுக்கும்
வெளிப்பக்கம் தாழ்ப்பாள்.

பழவேற்காட்டு உப்பைக் கழுதைமேல் ஏற்றி
மலைக்கு அந்தப் பக்கம் விற்றுத் திரிந்தவர்களை
ரேகைச் சட்டம் ஒரு வெள்ளிக்கிழமை
இங்கே கொண்டுவந்து இறக்கியது.
கழுதைகளை அன்றே ஏலம் விட்டார்கள். இருபத்தாறு.
ஒன்று மட்டும் வாங்கியவனிடம் கயிறறுத்துத் திரும்பி
வேலிக்கு வெளியே இரண்டு நாள் நின்றது.
அதற்குப் பாஸ் தேவையில்லை. இருந்தும்
உள்ளே விடவில்லை.

போலம்மாவை அப்போதுதான் பார்த்தேன்.
புத்தூர் முதல் ஊத்துக்கோட்டை வரை
ஊரார் உள்ளங்கையை விரித்துப் பிடித்து
'உனக்கு ஒரு பயணம் இருக்கு தாயி' என்றவள்.
இப்போது அவள் கையைச் சர்க்கார் பிடித்தது.
பத்து விரலையும் மையில் உருட்டிக்
காகிதத்தில் வைத்துக் குனிந்து பார்த்தது.
'என்ன சொல்லுது?' என்று கேட்டாள்.
இன்ஸ்பெக்டருக்கு விளங்கவில்லை.
'திருட்டுப் பாஷை' என்று ஓரத்தில் எழுதச் சொன்னார்.
எழுதினேன்.
எனக்கு விளங்கியிருந்தது.
பாதிக்கு மேல் எங்கள் வீட்டுத் தமிழ்,
கொஞ்சம் தெலுங்கு மண் ஒட்டியிருந்தது,
அவ்வளவுதான்.

மகள் அங்காளு. வயது ஏழோ எட்டோ,
ஏழு என்று போட்டேன்.
தாயிடம் விட்டால் தாயைப் போலவே ஆகிவிடும் என்றார் பாதிரியார்.
கெட்ட மனிதரில்லை. காய்ச்சல்காரர்களுக்குத்
தன் கையால் கஞ்சி ஊற்றுவார்.
ஏரிக்கு அக்கரையில் போர்டிங்.
சாயங்காலம் பிள்ளைகள் பாடுவது
இக்கரைக்குக் கேட்கும்.
எந்தக் குரல் எவள் பெற்றது என்றுதான் தெரியாது.

பாஸ் கேட்டு வந்தாள்.
'காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது.
'பேன் பார்க்கணும்' என்றாள். அப்படியே எழுதினேன்.
பாதிரியார் சிரித்தார்.
மொட்டை அடித்தாயிற்று, கவலை வேண்டாம்,
சொல்லிவிடு என்றார்.
சொன்னேன்.
அவள் விரல்கள் மட்டும் கொஞ்ச நேரம்
காற்றில் எதையோ வகிர்ந்துகொண்டிருந்தன.

அன்றிரவு அங்காளுவின் பெயரை அடிக்க மறந்தேன்.
மறந்தேன் என்றுதான் சொல்லிக்கொண்டேன்.

'அறுபத்துநாலு, போலம்மா.'
'ஆஜர்.'
'அறுபத்தைந்து, அங்காளு.'
தவளைச் சத்தம்.
பிறகு அதே குரல், சன்னமாக்கி:
'ஆஜர்.'
லாந்தரை நான் தூக்கவில்லை.

மறுநாளும் அடிக்கவில்லை.
ஆறு வருஷம், ராத்திரிக்கு இரண்டு தரம்.
அந்தக் குரல் வருஷா வருஷம்
கொஞ்சம் கொஞ்சமாய்த் தடித்தது.
பெண் வளர்கிறாள் அல்லவா.

ஏழாம் வருஷம் பண்டிகைக்கு
ஒரே ஒரு ராத்திரி அனுப்பிவைத்தார்கள்.
வெள்ளைச் சட்டை, இழுத்துப் பின்னிய சடை,
கையில் தையல் டப்பா. பெயர் ரூத்.
தாய் பேசப் பேசத் தலை சாய்த்துக் கேட்டாள்,
முன்பு இன்ஸ்பெக்டர் கேட்ட மாதிரி.
போலம்மா அந்தச் சடையைத் தொடப் போனாள்.
தொடவில்லை.

மூன்று மணிக்கு வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள்.
'அறுபத்துநாலு, போலம்மா.'
'ஆஜர்.'
'அறுபத்தைந்து, அங்காளு.'
யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று
ரூத் இருட்டில் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.
என் பேனா நிப்பில் மை திரண்டுகொண்டிருந்தது.
திரண்டு, 
பேரேட்டில் விழுவதற்குள்
பதினாலு வயதுக் குரலில்
போலம்மா சொன்னாள்:
'ஆஜர்.'

'அறுபத்தாறு,' என்று வாசித்தேன், 'கோபடு.'